பெரட்டு மணி

அனுசியா: அப்ப இந்தச் சுவத்து மணி தப்பா, அங்கிள்?

அப்புசாமி: தப்புன்னு யாரும்மா சொன்னா? முன்னாடி ஓடுது. அவ்வளவுதான்.

ராமாத்தாள்: அதத்தான் ஊர்ல தப்புன்னு சொல்லுவாங்க.

அப்புசாமி: ஏ, நீ வெங்காயத்த நிறுக்கற வேலையப் பாரு.

அனுசியா: என் போன்ல பதினொன்னு இருவத்தேழு. இதுல பதினொன்னு அம்பத்திரெண்டு.

அப்புசாமி: இருவத்தஞ்சு நிமிசம். கொறையவும் கொறையாது, கூடவும் கூடாது. திங்கக்கிழம திங்கக்கிழம ரேடியோவுல காலையில எட்டு மணிச் செய்தி ஆரம்பிக்கறப்பப் பாத்து, அதுக்கு மேல இருவத்தஞ்சு வச்சு சாவி குடுப்பேன்.

ராமாத்தாள்: நாப்பத்தோரு வருசமா என் பொறந்த நாளு தெரியாது இந்த மனுசனுக்கு. திங்கக்கிழம மட்டும் மறக்காது.

அனுசியா: அதென்ன இருவத்தஞ்சு?

அப்புசாமி: தோட்டத்து நேரம்மா. முப்பது வருசம் தோட்டத்து ஆபீஸ்ல வேல செஞ்சவன் நான். காலையில பெரட்டு... பெரட்டுன்னா தெரியுமா ஒங்களுக்கு?

அனுசியா: ஆளுங்கள நிக்க வச்சு பேரு கூப்புடறது?

அப்புசாமி: அதேதான். கூப்புடறப்ப ஆளு நிக்கலன்னா அன்னிக்கி வேல இல்ல. ஜனங்க தெனமும் லேட்டு. தொர பாத்தாரு... ஆபீஸ் மணிய இருவத்தஞ்சு நிமிசம் முன்னால தள்ளிட்டாரு. அந்தத் தொர போயி அடுத்த தொர வந்தாரு, கம்பெனி மாறுச்சு, மணிய மட்டும் யாரும் திருப்பி வைக்கல. தோட்டத்த வித்தப்ப நான் கேட்டு வாங்கிட்டு வந்துட்டேன்.

ராமாத்தாள்: மத்தவங்க நெலம் கேட்டாங்க, வீடு கேட்டாங்க. இவரு மணி கேட்டாரு.

அப்புசாமி: குடுத்தாங்கள்ல? ஒனக்கு வீடு குடுத்தாங்களா?

ராமாத்தாள்: அதான... பேச்சுக்கு ஒன்னும் கொறச்சல் இல்ல.

அனுசியா: கடைக்கு வர்றவங்க கொழம்ப மாட்டாங்களா அங்கிள்?

அப்புசாமி: இந்த ரெம்பியா ஊர்க்காரன் யாரு கொழம்புவான்? கடை மணி, ஊர் மணின்னு பேரே இருக்கும்மா. பஸ்சுக்கு நிக்கற புள்ளைங்க கூட எட்டிப் பாத்துட்டு மனசுலயே கழிச்சுக்கும்.

ராமாத்தாள்: வெளியூர்க்காரங்கதான் மாட்டுவாங்க. ரெண்டு வாரத்துக்கு முன்ன இவரு பாசாருக்குக் காய் வாங்கப் போயிருக்காரு... ஒரு பொண்ணு, பட்டுச் சேல, சேஃப்டி பின்னு குடுங்கன்னு வருது. மணியப் பாத்துச்சு. அலாமாக், முகூர்த்தம் போச்சுன்னு ஓடுச்சு பாருங்க... பின்னு இங்கயே கெடக்கு! ஆளு காணோம்... இருங்க. அந்தக் கண்ணாடியக் கழட்டுங்க.

அனுசியா: நான்தான் ஆன்ட்டி.

ராமாத்தாள்: அட! அதான் எங்கயோ பாத்த மூஞ்சியா இருக்கேன்னு... முகூர்த்தம் கெடச்சுச்சா?

அனுசியா: மண்டபத்துல போயி நின்னா ஐயரே வரல.

ராமாத்தாள்: முந்தானைய என்ன பண்ணீங்க?

அனுசியா: கையில புடிச்சிட்டே நின்னேன்.

ராமாத்தாள்: ஒங்க பின்னு டப்பாவுலதான் இருக்கு, தர்றேன். பாத்தீங்களா, இந்த மணி பண்ற வேலைய? ஏங்க, ஏன் பேச மாட்டேங்கறீங்க?

அப்புசாமி: கேட்டுட்டுத்தான இருக்கேன்.

அனுசியா: அங்கிள்... கடை கேமரா ஸ்கிரீன்லயும் இந்தச் சுவத்து மணி நேரந்தான் காட்டுது.

அப்புசாமி: ம்.

அனுசியா: அதுவும் தோட்டத்து நேரமா?

ராமாத்தாள்: கேமரா மாட்ட வந்த சீனத்து ஆளு, "அங்கிள், மணி என்னா?"ன்னு கேட்டான். இவரு கைய நீட்டி சுவத்தக் காட்டுனாரு. அவன் டொக்கு டொக்குன்னு அமுக்கிட்டுப் போயிட்டான். ஊர் மணிய வைக்கச் சொல்லுங்கன்னு நான் தலபாடா அடிச்சுக்கிட்டேன். ஒரு கடையில ரெண்டு மணி எதுக்குன்னாரு.

அப்புசாமி: எதுக்கு ரெண்டு?

அனுசியா: எந்த வருசம் மாட்டுனது?

அப்புசாமி: பத்தொம்பதுல. தேங்கா திருடு போச்சுன்னு மாட்டுனது... ஏம்மா, நீங்க கேமரா கம்பெனியா?

அனுசியா: இல்ல அங்கிள்.

ராமாத்தாள்: இன்சூரன்சா? இன்சூரன்சுன்னா மொதல்லயே சொல்லிடுங்க. ஏற்கெனவே ரெண்டு இருக்கு.

அனுசியா: இன்சூரன்ஸ் இல்ல ஆன்ட்டி.

ராமாத்தாள்: கார்ல ஒருத்தரு ஏர்கான் போட்டு ஒக்காந்திருக்காரே, வீட்டுக்காரரா? உள்ள வரச் சொல்லுங்க, தேத்தண்ணி கலக்கறேன். வெயில்ல வச்சிருக்கீங்க.

அனுசியா: வீட்டுக்காரரு இல்ல. வக்கீலு. ஆண்ட்ரூன்னு பேரு. பத்து நிமிசம் குடுங்கன்னு கேட்டுட்டு நான் மட்டும் வந்தேன்.

ராமாத்தாள்: எந்த மணிக்குப் பத்து நிமிசம்?

அப்புசாமி: ஏ! சும்மா இரு. வக்கீலுன்னு சொல்றாங்க... யாருக்கும்மா வக்கீலு?

அனுசியா: காந்தனுக்கு.

ராமாத்தாள்: எந்தக் காந்தன்? முடி வெட்டற பாக் டின் கடைக்கு எதுக்க இருந்தானே, அந்தக் காந்தனா?

அப்புசாமி: இல்ல. தஞ்சோங் கிளிங் காந்தன்.

ராமாத்தாள்: ஓ... அந்தச் சங்கிலி கேஸு. நீங்க போயி சாட்சி சொன்னது. அதான் முடிஞ்சு போச்சே. உள்ள போட்டுட்டாங்களே.

அனுசியா: ஒம்பது வருசம். நாலு வருசம் ஆச்சு.

ராமாத்தாள்: அப்ப நீங்களும் அவனுக்கு வக்கீலா?

அனுசியா: நான் எதிர்ப் பக்கம் ஆன்ட்டி. டிபிபி. அரசாங்கத்துக்காகக் கேஸு நடத்தறவங்க. உள்ள போடறவங்க.

ராமாத்தாள்: அவரு வெளிய எடுக்கறவரு, நீங்க உள்ள போடறவங்க. ரெண்டு பேரும் ஒரே கார்லயா வந்தீங்க?

அனுசியா: ஏர்கானுக்கு மட்டுந்தான் சண்ட வந்துச்சு.

ராமாத்தாள்: பேரென்னம்மா ஒங்களுக்கு?

அனுசியா: சொல்றேன் ஆன்ட்டி. மொதல்ல மணி விசயம் முடியட்டும்.

அப்புசாமி: அந்தக் கேஸ நடத்துனது...

அனுசியா: எங்க ஆபீஸ்தான்.

அப்புசாமி: ம்... எனக்குத் தெரிஞ்சத நான் அன்னிக்கே சொல்லிட்டேன்மா. புதுசா ஒன்னும் இல்ல.

அனுசியா: என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா?

அப்புசாமி: அவன் வந்தான். மினரல் வாட்டர் வாங்குனான். புக்குல பேரு எழுதுனான். போயிட்டான்.

ராமாத்தாள்: கொரோனா புக்கு. போன்ல ஸ்கேன் பண்ணத் தெரியாதவங்க பேரு, நம்பரு, மணி எழுதணும்லா. அவன் போன்ல பேட்டரி இல்லன்னு எழுதுனான்.

அனுசியா: என்ன மணின்னு எழுதுனான்?

அப்புசாமி: எட்டு இருவத்தேழு.

அனுசியா: எதப் பாத்து எழுதுனான்?

ராமாத்தாள்: எதப் பாத்து எழுதுவான்? போனு செத்துப் போச்சு. நிமிந்து சுவத்தத்தான் பாப்பான். எல்லாரும் அதான பாப்பாங்க. கேமராவுலயும் எட்டு இருவத்தேழுதான காட்டுச்சு, ரெண்டும் ஒத்துப் போகுதுன்னு அந்தப் போலீஸ்காரரு கூட...

அனுசியா: ஆமா. ரெண்டும் ஒத்துப் போச்சு.

ராமாத்தாள்: அது ஒத்துப் போகாம? அதப் பாத்துதான இத வச்சது!

அனுசியா: அங்கிள், எட்டு இருவத்தேழுல இருவத்தஞ்சக் கழிங்க.

அப்புசாமி: எனக்குக் கழிக்கத் தெரியும்மா.

ராமாத்தாள்: எட்டு ரெண்டு.

அனுசியா: பாயா ரும்புட்ல ஒரு டீச்சரம்மா கழுத்துச் சங்கிலிய வீட்டு வாசல்ல அறுத்தது எட்டு அஞ்சு. எட்டு ஆறுக்கு அவங்க மகன் போலீசுக்கு அடிச்சிருக்காரு. அது கம்ப்யூட்டர்ல பதிவாயிருக்கு. அதுல தோட்டத்து நேரம் இல்ல.

ராமாத்தாள்: இருங்க, இருங்க. எட்டு ரெண்டுக்கு அவன் இங்க தண்ணி வாங்கிட்டு நிக்கறான். எட்டு அஞ்சுக்கு பாயா ரும்புட்லயா? மோட்டர் சைக்கிள்ல போனாலே இருவது நிமிசம் ஆகும்... பறந்தா போனான்?

அனுசியா: கோர்ட்டுல தலகீழாச் சொன்னாங்க. எட்டு அஞ்சுக்குப் பாயா ரும்புட்ல அறுத்தான், இருவது நிமிசம் மோட்டர முடுக்குனான், எட்டு இருவத்தேழுக்கு ரெம்பியாவுல தண்ணி குடிச்சான். கணக்கா வந்து ஒக்காந்துச்சு.

ராமாத்தாள்: அவன் என்ன சொன்னான்?

அனுசியா: எட்டு மணி வாக்குல நான் ரெம்பியாவுல கடையில இருந்தேன்னு சொன்னான். மொத நாளுலேர்ந்து அதையேதான் சொன்னான். அப்ப இந்தப் புக்கக் காட்டி, இது யாரு எழுத்துன்னு கேட்டாங்க. என் எழுத்துதான்னான். இதுல எட்டு இருவத்தேழுன்னு நீயே எழுதியிருக்கியேன்னாங்க.

ராமாத்தாள்: ஐயோ. அவன் கையாலயே...

அனுசியா: அவன் கையாலயே.

அப்புசாமி: அந்த டீச்சரம்மா அவனக் கை காட்டுனாங்களே. அதுக்கு என்ன சொல்றீங்க?

அனுசியா: செவப்பு சட்ட, கறுப்பு மோட்டரு, நம்பர்ல கடைசி ரெண்டு ஒத்துப் போச்சு. மூஞ்சி பூரா மாஸ்க்கு. கண்ண மட்டும் பாத்து கை காட்டுனாங்க. எழுவத்தொரு வயசு அவங்களுக்கு. அந்தச் சங்கிலிப் பறிப்புல கையி ஒடஞ்சு கெடந்தவங்க. அவங்களக் கொற சொல்ல முடியாது.

ராமாத்தாள்: அன்னிக்கி வேர்த்து ஊத்திட்டு நின்னான். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. மோட்டர்ல எண்ண தீந்து போச்சு ஆன்ட்டி, பெட்ரோல் ஸ்டேசன் வரைக்கும் தள்ளிட்டுப் போனேன்னான்.

அனுசியா: இத யாருகிட்டயாவது சொன்னீங்களா ஆன்ட்டி?

ராமாத்தாள்: என்னை யாரு கேட்டா? கடை இவரு பேருல இருக்கு. இவரத்தான் கூப்புட்டாங்க.

அனுசியா: அந்த வேர்வையப் பத்தியும் கோர்ட்டுல ஒரு வரி இருக்கு. "தப்பிச்சு ஓடி வந்தவனோட வேர்வை"ன்னு.

ராமாத்தாள்: எந்த மகராசி சொன்னது அது?

அனுசியா: அரசாங்கப் பக்கம்.

அப்புசாமி: இங்க பாருங்கம்மா. நான் பொய் சொல்லல.

அனுசியா: நீங்க பொய் சொன்னீங்கன்னு நான் சொல்லல அங்கிள்.

அப்புசாமி: இப்ப போயி மணி தப்புன்னு எழுதிக் குடுத்தா, அன்னிக்கி ஏன்டா சொல்லலன்னு என்னைய உள்ள தூக்கி வைப்பாங்க. அறுவத்தெட்டு வயசு எனக்கு. சக்கர, பிரசரு...

அனுசியா: "கேமரா நல்லா ஓடுதா?"ன்னு கேட்டாங்க. "நல்லா ஓடுது"ன்னீங்க. "ரிப்பேர் ஏதாவது?"ன்னாங்க. "இல்ல"ன்னீங்க. ரெண்டும் உண்மதான்.

அப்புசாமி: ஒங்களுக்கு எப்படித் தெரியும் அது?

அனுசியா: நோட்ஸ்ல இருக்கு.

அப்புசாமி: ம்... நோட்ஸ்ல.

அனுசியா: மணி சரியான்னு யாரும் கேக்கல. கேட்டிருக்கணும். போலீஸ் கேட்டிருக்கணும், எங்க பக்கம் கேட்டிருக்கணும், அவனோட பழைய வக்கீலு கேட்டிருக்கணும். அவரு இந்தக் கடைப் பக்கமே வரல.

ராமாத்தாள்: ஊருக்கே தெரிஞ்ச விசயம்னு இவரும் விட்டுட்டாரு. யாருக்காவது தெரியாம இருக்கும்னு தோணவே இல்ல எங்களுக்கு.

அனுசியா: அங்கிள், ஒன்னே ஒன்னு. இந்த மணி முன்னாடி ஓடுதுன்னு அந்தக் கேஸு நடந்தப்ப நீங்க யாருகிட்டயாவது சொன்னீங்களா?

அப்புசாமி: இல்ல.

ராமாத்தாள்: என்ன இல்ல? அன்னிக்கி கோர்ட்லேர்ந்து வந்து சோறு கூடத் திங்காம...

அப்புசாமி: ஏ! தேயக் கலக்கறேன்னு சொன்னியே, என்ன ஆச்சு?

ராமாத்தாள்: தண்ணி இன்னும் கொதிக்கல.

அப்புசாமி: போயிக் கொதிக்க வை.

ராமாத்தாள்: அது தானா கொதிக்கும். நான் ஏறி உள்ள ஒக்காரணுமா?

அனுசியா: யாருகிட்டயும் சொல்லலியா அங்கிள்?

அப்புசாமி: சொல்லலன்னு சொல்றேன்ல.

அனுசியா: சரி... ஆன்ட்டி, நீங்க சொல்லுங்க. அன்னிக்கி அவன் தண்ணி வாங்கிட்டுப் போனதுக்கு அப்புறம் என்ன நடந்துச்சு?

ராமாத்தாள்: என்ன நடக்கும்? ஒன்னும் நடக்கல. தெனமும் நடக்கறதுதான்.

அனுசியா: அதையே சொல்லுங்க. நான் எடுத்துக் குடுக்கக் கூடாது. எடுத்துக் குடுத்தா, நாளைக்கு மேல் கோர்ட்டுல "நீ சொல்லிக் குடுத்த பாடம்"னு தூக்கிப் போட்டுருவாங்க.

ராமாத்தாள்: எட்டு மணிக்கு மேல யாவாரம் ஏது... பாக் டின் ஷட்டர இழுப்பாரு. அந்தச் சத்தத்துக்கு எனக்குத் தூக்கிவாரிப் போடும். அப்புறம் தொழுகைக்கு சுராவுக்கு நடப்பாரு.

அனுசியா: எப்ப இழுப்பாரு?

ராமாத்தாள்: பாங்கு சொன்னதும். ராத்திரித் தொழுக, ஈஷா. பாதித் தலைய வெட்டிட்டு இருந்தாக் கூட, இருங்க வர்றேன்னு போயிருவாரு. ஒரு நாள் இவரே பாதித் தலையோட ஒக்காந்திருந்தாரு.

அப்புசாமி: அதெல்லாம் இப்ப எதுக்கு?

அனுசியா: அன்னிக்கும் இழுத்தாரா ஆன்ட்டி?

ராமாத்தாள்: அன்னிக்கின்னு தனியா ஞாபகம் இல்லம்மா. பொய் சொல்லக் கூடாது. ஆனா அவரு ஒரு நாளும் விட்டதில்ல.

அனுசியா: அது போதும். அன்னிக்கும் இழுத்தாரு. ஒங்க கேமராவுல இருக்கு, ஓரத்துல. காந்தன் போயி எட்டு நிமிசத்துல ஷட்டர் எறங்குது, தொப்பிய மாட்டிட்டு அவரு நடக்கறாரு. கேமரா மணி எட்டு முப்பத்தஞ்சு.

ராமாத்தாள்: அன்னிக்கி ஈஷா எப்ப?

அனுசியா: காலண்டர்ல இருக்கு. எட்டு பத்து.

ராமாத்தாள்: முப்பத்தஞ்சுல இருவத்தஞ்சு போனா பத்து. அம்மாடி... அந்தச் சத்தமே சாட்சி சொல்லுது.

அனுசியா: அந்த வீடியோவ இந்த ரெண்டு வாரத்துல முப்பது தடவ பாத்தேன். அதுக்கு முன்னாடியும் எங்க ஆபீஸ்ல எத்தனையோ தடவ ஓடியிருக்கு. எல்லாரும் செவப்பு சட்டையவே பாத்தோம். ஓரத்துல ஒரு மனுசன் தொழுகைக்குப் போறத யாரும் பாக்கல. சொல்றதுக்கு வெக்கமா இருக்கு ஆன்ட்டி.

ராமாத்தாள்: இதெல்லாம் ஒங்களுக்கு எதுக்கும்மா? உள்ள போட்டதோட ஒங்க வேல முடிஞ்சுச்சுல்ல? ஜெயிச்சுட்டீங்கள்ல?

அனுசியா: எங்க வேல ஜெயிக்கறது இல்ல ஆன்ட்டி. செஞ்சவன உள்ள வைக்கணும். செய்யாதவன்னு தெரிஞ்சா நாங்களே போயிச் சொல்லணும், யாரும் கேக்கலன்னாலும். ரெண்டுக்கும் ஒரே சம்பளந்தான்.

ராமாத்தாள்: ஒங்க பெரிய ஆபீசரு ஒன்னும் சொல்லலியா?

அனுசியா: லெட்டர் குடுத்தேன். படிச்சிட்டு, "நீ அந்தக் கல்யாணத்துக்குப் போகாமலே இருந்திருக்கலாம்"னாரு. அப்புறம் ஒரு மணி நேரம் கழிச்சுக் கூப்புட்டு, அவன் வக்கீலயும் கூட்டிட்டுப் போ, ஒளிச்சு மறைச்சு எதுவும் செய்யாதன்னாரு.

ராமாத்தாள்: நல்ல மனுசன்தான்.

அனுசியா: அந்த ஒரு மணி நேரத்துக்கு அப்புறம் நல்ல மனுசன்.

அப்புசாமி: இப்ப எழுதிக் குடுத்து என்ன ஆகப் போவுது? நாலு வருசம் போனது போனதுதான.

அனுசியா: அடுத்த மாசம் புத்ராஜெயாவுல கடைசி அப்பீல். அதுக்கு மேல கதவு இல்ல. ஜட்ஜு ஒம்பது வருசத்தோட ஆறு ரோத்தான், பெரம்படியும் போட்டிருக்காரு அங்கிள். அப்பீல் நடக்கற வரைக்கும் அடிக்க மாட்டாங்க. தோத்தா அடிப்பாங்க.

ராமாத்தாள்: ஆறு அடியா...

அனுசியா: ஆறு.

ராமாத்தாள்: ஏங்க. ஏங்க! என்ன மேலயே பாத்துட்டு இருக்கீங்க?

அப்புசாமி: திங்கக்கிழம ஸ்டூலப் போட்டு ஏறுவேன்ல... சாவி குடுத்து முள்ள எட்டு இருவத்தஞ்சுல வச்சா, ரெண்டு கோடு தள்ளி எட்டு இருவத்தேழு. நாலு வருசமா அந்த எடத்துல கையி நிக்கும். ஒனக்குத் தெரியாது.

ராமாத்தாள்: ஏன் சொல்லல எங்கிட்ட?

அப்புசாமி: சொன்னா நீ கேட்டுட்டுச் சும்மா இருப்பியா?

ராமாத்தாள்: இருந்திருக்க மாட்டேன்.

அப்புசாமி: அதான்.

அனுசியா: அங்கிள், ஆண்ட்ரூவ உள்ள கூப்புடட்டுமா? அவரு எழுதுவாரு, நீங்க சொல்லுங்க. மணி எப்ப வாங்குனது, எவ்வளவு முன்னாடி, கேமராவுக்கு மணி வச்சது யாரு. கையெழுத்து போட்டுட்டு, திங்கக்கிழம ஆலோர் காஜா கோர்ட்டுல சத்தியம் பண்ணணும்.

அப்புசாமி: நீங்க எழுத மாட்டீங்களா?

அனுசியா: நான் எழுதக் கூடாது.

அப்புசாமி: ஏன்?

அனுசியா: எழுதி முடிச்சப்புறம் சொல்றேன். அங்கிள், கேட்டதுக்கு மட்டும் சொல்லாதீங்க. கேக்காததையும் சொல்லுங்க.

அப்புசாமி: ...இப்ப இப்படிச் சொல்றீங்க.

அனுசியா: ஆமா. இப்ப.

ராமாத்தாள்: என்ன, ரெண்டு பேரும் ஒரு மாதிரி பேசிக்கிறீங்க?

அப்புசாமி: கேக்காததையும் சொன்னா, எழுதுவாங்களா?

அனுசியா: ஒரு எழுத்து விடாம.

அப்புசாமி: யாரு மேல விழுந்தாலும்?

அனுசியா: யாரு மேல விழுந்தாலும்.

அப்புசாமி: அப்பச் சொல்றேன். நான் யாருகிட்டயும் சொல்லலன்னு சொன்னது பொய்யி. சொன்னேன்.

ராமாத்தாள்: நான் நெனச்சேன்! அன்னிக்கி வந்து தட்ட அப்படியே தள்ளிட்டு, "சொன்னேன், விடுங்கன்னுட்டாங்க"ன்னு மொணகுனாரும்மா. என்ன விடுங்கன்னு கேட்டதுக்கு வாயே தொறக்கல.

அனுசியா: எங்க சொன்னீங்க?

அப்புசாமி: கோர்ட்டு வராந்தாவுல. உள்ள கூப்புடறதுக்கு முன்னாடி. கறுப்பு கோட்டு, வெள்ள மாஸ்க்கு, ரெண்டு கையிலயும் பைலு. அரசாங்கப் பக்கத்து அம்மா. அவசரமா நடந்தாங்க. நான் பின்னாடியே போயி, "அம்மா, எங்க கடை மணி கொஞ்சம் முன்னாடி ஓடும்மா"ன்னேன்.

அனுசியா: அவங்க என்ன சொன்னாங்க?

அப்புசாமி: "பரவால்ல அங்கிள், அதெல்லாம் விடுங்க. உள்ள கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னாப் போதும்"னாங்க.

ராமாத்தாள்: அடிப்பாவி! அப்படியா சொன்னா?

அப்புசாமி: கோவமா சொல்லல. நல்லாத்தான் சொன்னாங்க. சிரிச்சிட்டே.

ராமாத்தாள்: மாஸ்க்குக்குள்ள சிரிச்சது ஒங்களுக்கு எப்படித் தெரியும்?

அப்புசாமி: கொரல்ல தெரியும்ல.

அனுசியா: அவங்க... நின்னு கேக்கலியா? எவ்வளவு முன்னாடின்னு?

அப்புசாமி: நிக்கல.

அனுசியா: நின்னிருந்தா ஒரு நிமிசந்தான் ஆயிருக்கும்.

அப்புசாமி: அதுகூட ஆகாது.

ராமாத்தாள்: யாருங்க அது? இதயும் எழுதச் சொல்லுங்கம்மா. மொதல்ல இத எழுதச் சொல்லுங்க. பேரு என்னன்னு கேட்டு வச்சீங்களா?

அப்புசாமி: பேரு தெரியாது.

ராமாத்தாள்: பேரு இல்லாம எழுதி என்ன பண்றது?

அப்புசாமி: மூஞ்சியும் தெரியாது. கொரலு தெரியும். உள்ள வந்து, "இந்தச் சுவத்து மணி தப்பா, அங்கிள்?"னு கேட்டப்பவே தெரிஞ்சிருச்சு. நம்ம வாய அடைக்க வந்திருக்காங்கன்னு நெனச்சுட்டேன்... அதான்மா யாருகிட்டயும் சொல்லலன்னேன்.

அனுசியா: நீங்களா சொல்றீங்களான்னு பாக்கத்தான் பத்து நிமிசம் கேட்டேன் அங்கிள். பேர எழுதச் சொல்லுங்க. அனுசியா. அப்பா பேரு முனுசாமி. அப்பா பேரையும் சேத்தே எழுதச் சொல்லுங்க... எங்க ஆபீஸ்ல இன்னொரு அனுசியா இருக்காங்க. அவங்க மேல போயி விழுந்துறக் கூடாது.